போர் தந்த நோய் என்று எழுதுவதற்கு முன்: துணைவர் வன்முறையை உளநலப் பணியாளர் புரிந்துகொள்வது எப்படி?

வடக்கில் உளநலப் பணியில் இருப்பவர்களிடம் ஒரு பழக்கம் ஊறிப்போயிருப்பதைப் பார்க்கிறேன். நித்திரை இல்லை, நெஞ்சு படபடக்கிறது, சின்னச் சத்தத்துக்கும் திடுக்கிடுகிறது என்று ஒரு பெண் சொன்னால், அடுத்த கேள்வி பெரும்பாலும் 2009 பற்றியதாக இருக்கும். கடைசி நேரத்தில் எங்கே இருந்தீர்கள், யாரை இழந்தீர்கள், எந்த முகாமில் இருந்தீர்கள் என்று கேட்கிறோம். அந்தப் பெண்ணும் சொல்வார். சொல்வதற்கு இங்கே எல்லோரிடமும் இருக்கிறது. நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோய் என்று குறிப்பு எழுதப்படும். நித்திரைக்கு ஒரு குளிசை கொடுக்கப்படும்.

அந்தக் கேள்வி தவறானதல்ல. ஆனால் அதோடு நின்றுவிட்டால் இன்னொரு கேள்வி கேட்கப்படாமலே போய்விடும்: "இப்ப வீட்டில யாருக்காவது பயந்து இருக்கிறீங்களோ?"

வன்னியில் உளவளத்துணைப் பணியில் இருக்கும் ஒருவராக இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். உளநலத் துறையில் வேலை செய்பவர்களையும், தங்கள் வீட்டிலோ அயலிலோ இந்த நிலையைக் கண்டவர்களையும் மனதில் வைத்தே எழுதுகிறேன். இங்கு வரும் உதாரணங்கள் பலருடைய அனுபவங்களைக் கலந்து, அடையாளம் தெரியாதவாறு மாற்றப்பட்டவை.

ஆபத்து முடிந்ததா, தொடர்கிறதா?

மனவடு நோய் பற்றி நாம் படித்தவை எல்லாம் ஒரு எடுகோளின் மேல் நிற்கின்றன. ஆபத்து நடந்து முடிந்துவிட்டது; உடலும் மனமும் அதை இன்னும் நம்பவில்லை என்பதே அந்த எடுகோள். "இப்போது நீங்கள் பாதுகாப்பாக இருக்கிறீர்கள்" என்று உணர வைப்பதே சிகிச்சையின் பெரும்பகுதி.

கணவனின் மோட்டார் சைக்கிள் சத்தம் ஒழுங்கையில் கேட்டவுடன் பிள்ளைகளை அறைக்குள் அனுப்பும் பெண்ணுக்கு இந்த எடுகோள் பொருந்தாது. அவருடைய ஆபத்து ஒவ்வொரு நாளும் பின்னேரம் ஆறு மணிக்கு வீட்டுக்கு வருகிறது. அவருடைய விழிப்பை ஒரு நோய்க்குறியாக மட்டும் பார்க்கக்கூடாது. பல தடவை அவரைக் காப்பாற்றியதும் அந்த விழிப்புத்தான். மூச்சுப் பயிற்சி சொல்லிக் கொடுத்து அதைத் தணிக்க முயல்வதும், இரவில் எழும்ப முடியாதபடி நித்திரை மருந்து கொடுப்பதும் சில வீடுகளில் ஆபத்தைக் கூட்டக்கூடும். மருந்து வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இரவில் அந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று தெரியாமல் மருந்தை முடிவு செய்யக்கூடாது என்கிறேன்.

போரின் காயமும் வீட்டின் காயமும் ஒரே பெண்ணில் இருக்கலாம். பலரில் இருக்கின்றன. முதலாவதைக் கண்டதும் தேடலை நிறுத்திவிடுவதுதான் பிரச்சினை.

அடி என்பது ஒரு பகுதி மட்டுமே

துணைவர் வன்முறை என்றால் அடி, உதை என்றே பலர் விளங்கிக்கொள்கிறார்கள். தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் 2019இல் நடத்திய பெண்களின் நல்வாழ்வு பற்றிய ஆய்வின்படி, இலங்கையில் துணையோடு வாழ்ந்த அல்லது வாழும் பெண்களில் 20.4 வீதமானோர், அதாவது ஐவரில் ஒருவர், தம் வாழ்நாளில் துணைவரின் உடல் அல்லது பாலியல் வன்முறைக்கு உள்ளாகியிருக்கிறார்கள். மனரீதியான வன்முறை, பொருளாதார வன்முறை, கட்டுப்படுத்தும் நடத்தைகள் ஆகியவற்றையும் சேர்த்தால் இது 39.8 வீதமாகிறது. தழும்பு விடாதவற்றையும் எண்ணத் தொடங்கியதும் தொகை ஏறத்தாழ இரண்டு மடங்காகிவிடுகிறது.

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் உள்ள டுலூத் நகரில், 1980களின் முற்பகுதியில் வன்முறைக்கு உள்ளான பெண்களிடம் அவர்களுடைய அனுபவங்களைக் கேட்டு ஒரு சக்கரப் படம் வரையப்பட்டது. சக்கரத்தின் நடுவில் இருந்தது அதிகாரமும் கட்டுப்பாடும். ஆரங்களில் மிரட்டல், தனிமைப்படுத்தல், பிள்ளைகளைப் பயன்படுத்தல், பணத்தைப் பிடித்து வைத்தல் போன்றவை இருந்தன. அடியும் பாலியல் வன்முறையும் அவற்றைச் சுற்றிப் பிடித்திருக்கும் வளையம். எவன் ஸ்டார்க் என்ற ஆய்வாளர் 2007இல் வெளிவந்த தன் நூலில் இதையே இன்னும் விரித்து எழுதினார்: ஒரு பெண்ணின் அன்றாடச் சுதந்திரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பறிப்பதுதான் இந்த வன்முறையின் மையம், அடி அதற்கான கருவிகளில் ஒன்று.

எங்கள் ஊர்களில் அந்த ஆரங்கள் எப்படி இருக்கும்? பெண்ணின் பெயரில் நுண்கடன் எடுக்க வைத்துக் காசைக் கணவன் வாங்கிக்கொள்வது. கிழமைக்கிழமை வீட்டு வாசலில் வந்து நிற்கும் வசூலிப்பவருக்கு அந்தப் பெண்ணே பதில் சொல்ல வேண்டியிருப்பது. போனைப் பறித்து யார் யாருடன் கதைத்தார் என்று பார்ப்பது. தாய்வீட்டுக்குப் போகவிடாமல் தடுப்பது. வெளிநாட்டில் இருந்துகொண்டே வீடியோவில் அழைத்து, வீட்டில் வேறு யாரும் இல்லை என்று அறை அறையாகக் காட்டச் சொல்வது. முன்னர் இயக்கத்தில் இருந்த பெண்ணிடம் "உன்னைப் பற்றிச் சொல்லிக் குடுக்கிறன் பார்" என்பது. இந்தக் கடைசி மிரட்டலின் எடை என்னவென்று இந்த மண்ணில் வாழ்ந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

எனவே "அடிக்கிறாரா?" என்ற ஒரு கேள்வி போதாது. "நீங்கள் நினைத்த நேரம் நினைத்த இடத்துக்குப் போகலாமோ? உழைக்கிற காசு யாரிட்ட இருக்கு? அவர் சொல்லுறதை மறுத்தால் என்ன நடக்கும்?" என்றும் கேட்க வேண்டும். மூன்றாவது கேள்விக்கு வரும் பதிலில்தான் பெரும்பாலும் முழுக் கதையும் இருக்கும்.

குடியும் போரும் காரணமா?

"குடிக்காட்டித் தங்கமான மனுசன்." இந்த வசனத்தைக் கேட்காத உளவளத்துணையாளர் இங்கே இருக்கமாட்டார். குடி அடியைக் கூட்டும், காயத்தைக் கடுமையாக்கும் என்பதில் சந்தேகமில்லை. கசிப்பு மலிந்த கிராமங்களில் இதைக் கண்ணாலேயே காணலாம். ஆனால் அடிக்கு வேர் குடிதான் என்று முடிவு செய்வதற்கு முன் சிலவற்றைக் கேட்டுப் பார்க்கலாம். குடித்தபின் முதலாளிக்கும் அடிக்கிறாரா? பொலிஸ்காரருக்கும் அடிக்கிறாரா? உடுப்பு மறைக்கும் இடமாகப் பார்த்து அடிக்கிறாரா? வாசலில் ஆள் வந்தால் நிறுத்த முடிகிறதா? குடிக்காத நாட்களில் போனும் காசும் யாரிடம் இருக்கின்றன?

ஆள் பார்த்து, இடம் பார்த்து, நேரம் பார்த்து நடப்பதைக் கட்டுப்பாட்டை இழந்த செயல் என்று சொல்ல முடியாது. குடியை நிறுத்தும் சிகிச்சை அவசியம்தான். ஆனால் குடி நின்றபின்னும் கட்டுப்பாடு தொடர்கிறதா என்று தனியாகப் பார்க்க வேண்டும்.

போரைப் பற்றியும் இப்படித்தான். தடுப்பில் இருந்து வந்தவர்கள், அவயவம் இழந்தவர்கள், பிள்ளையைக் கையில் வைத்துக்கொண்டே பறிகொடுத்தவர்கள் எங்கள் ஆண்களில் இருக்கிறார்கள். அந்த வேதனை உண்மையானது. அதற்குச் சிகிச்சை வேண்டும். பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்றவர்கள் போர் தனிமனிதரை மட்டுமல்ல, குடும்பத்தையும் சமூகத்தையும் எப்படிச் சிதைத்தது என்று நீண்டகாலமாக எழுதி வந்திருக்கிறார்கள். எனினும் அதே போரை, அதே தடுப்பைக் கடந்து வந்தும் மனைவியின்மேல் கைவைக்காத ஆண்களும் இதே ஊர்களில் வாழ்கிறார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது.

இங்கு ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். கெட்ட கனவில் இருந்து திமிறி எழும்பும்போது பக்கத்தில் படுத்திருப்பவருக்குக் கை பட்டுவிடுவதும், பிறகு தான் செய்ததை அறிந்து பதறுவதும் மனவடுவின் வெளிப்பாடாக இருக்கலாம். சோறு ஆறிவிட்டது என்று அடிப்பதும், அடித்தபின் "நீ செய்த வேலைக்குத்தான்" என்பதும் வேறு. முதலாவதற்கு மனவடுச் சிகிச்சை போதுமானதாக இருக்கலாம். இரண்டாவதற்கு அது போதாது. "அவர் பட்ட பாடு அப்பிடி, நீங்கள்தான் பொறுத்துப் போகவேணும்" என்று ஒரு பணியாளர் சொன்னால், அந்த வீட்டில் வன்முறைக்குக் கிடைக்கும் அனுமதிப் பத்திரமாக அது மாறிவிடும்.

"ஏன் விட்டிட்டு வரேல்லை?"

போகாமல் இருப்பதற்குக் காரணம் பலவீனம் அல்ல. பல இடங்களில் அது கணக்குப் போட்டு எடுத்த முடிவு.

முதலாவது, போக இடம் இல்லை. முன்னர் ஒரு பெண்ணுக்கு அடி விழுந்தால் தகப்பனோ தமையனோ வந்து கேட்பார்கள் என்ற எண்ணம் ஓரளவுக்காவது இருந்தது. அந்தத் தகப்பனையும் தமையனையும் போர் கொண்டுபோய்விட்டது. சிலர் இன்னும் காணாமல் ஆக்கப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார்கள். "கேக்க ஆளில்லாதவள்" என்று கணவனுக்கும் தெரியும்.

இரண்டாவது, வீடு. யாழ்ப்பாணத்து வழக்கப்படி பல இடங்களில் குடியிருக்கும் வீடே பெண்ணின் சீதனம். தன் சொந்த வீட்டை விட்டு அவர் ஏன் போக வேண்டும்? அதேநேரம் தேசவழமைச் சட்டம் பொருந்தும் மணமான பெண் தன் காணியை விற்கவோ ஈடு வைக்கவோ கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். அது கிடைக்காவிட்டால் நீதிமன்றத்தை நாட வேண்டும். காணி தன் பெயரில் இருந்தும் கையில் காசு இல்லாத நிலை இப்படி உருவாகிறது.

மூன்றாவது, திருமணத்தின் வரலாறு. போரின் கடைசி ஆண்டுகளில் ஆட்சேர்ப்பில் இருந்து காப்பாற்றுவதற்காகச் சின்ன வயதிலேயே பிள்ளைகளைக் கட்டிக் கொடுத்த குடும்பங்கள் பல. அவற்றில் பதிவு செய்யப்படாத திருமணங்களும் உண்டு. கணவனை இழந்தபின் இன்னொருவரோடு சேர்ந்து வாழும் பெண்ணோ, "நீயாத் தேடிக்கொண்டதுதானே" என்ற பேச்சுக்குப் பயந்து வாயே திறப்பதில்லை.

நான்காவது, எல்லாவற்றையும்விட முக்கியமானது: பிரிந்து போகும் காலமே பல பெண்களுக்கு மிக ஆபத்தான காலம். கட்டுப்பாடு கைநழுவுகிறது என்று கண்டதும் வன்முறை உச்சத்துக்குப் போகலாம். ஆகவே "உடனே விட்டிட்டு வாங்கோ" என்று ஆயத்தம் எதுவுமின்றிச் சொல்வதும், "பிள்ளைகளுக்காகச் சேர்ந்திருங்கோ" என்று சொல்வதும் இரண்டுமே அந்தப் பெண்ணின் முடிவை நாங்கள் பறித்துக்கொள்வதுதான். ஏற்கனவே முடிவுகள் பறிக்கப்பட்ட ஒருவரிடம் அதையே திரும்பவும் செய்யக்கூடாது.

அறைக்குள் என்ன செய்யலாம்?

உலக சுகாதார நிறுவனம் சுகாதாரப் பணியாளர்களுக்கு ஐந்து படிகளைப் பரிந்துரைக்கிறது: கவனித்துக் கேளுங்கள், தேவையை விசாரியுங்கள், நம்புவதை உணர்த்துங்கள், பாதுகாப்பைக் கூட்டுங்கள், அடுத்த உதவியோடு இணையுங்கள். இவற்றை எங்கள் சூழலுக்கு ஏற்பச் சொல்கிறேன்.

தனியே கேளுங்கள். கணவனோ மாமியாரோ பக்கத்தில் இருக்கும்போது இந்தக் கேள்வியைக் கேட்கக்கூடாது. இரண்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளை இருந்தாலும் கவனம் வேண்டும். பிள்ளை வீட்டில் போய்ச் சொல்லிவிடும். "இங்க வாற எல்லாரிட்டயும் கேக்கிறனாங்கள்" என்று தொடங்கினால் கூச்சம் குறையும்.

எதை எங்கே எழுதுகிறீர்கள் என்று பாருங்கள். கிளினிக் கொப்பி நோயாளியோடு வீட்டுக்குப் போகிறது. அதில் "கணவனின் வன்முறை" என்று எழுதினால் முதலில் வாசிக்கப் போகிறவர் கணவனாக இருக்கலாம். விபரங்களை நிலையத்தில் இருக்கும் கோவையில் மட்டும் எழுதுங்கள். துண்டுப்பிரசுரம் கொடுப்பதற்கு முன்னும், போனில் அழைப்பதற்கு முன்னும் பாதுகாப்பா என்று அவரிடமே கேளுங்கள்.

நோயின் பெயரை யோசித்துச் சொல்லுங்கள். மனநலக் கிளினிக்குக்குப் போனவள் என்பதையே ஆயுதமாக்கி "உனக்கு விசர், பிள்ளையளை உன்னட்டத் தரமாட்டினம்" என்று மிரட்டும் கணவர்கள் இருக்கிறார்கள். தாக்கப்பட்ட ஒருவருக்கு ஏற்படும் பதற்றமும் சோர்வும் இயல்பானவை என்பதை அவருக்கும் விளங்கப்படுத்துங்கள், குறிப்பிலும் தெளிவாக எழுதுங்கள்.

இருவரையும் ஒன்றாக இருத்திக் கதைக்காதீர்கள். எங்கள் சமூகத்தில் ஊர்ப் பெரியவர், ஆலயம், அலுவலகம் எல்லாமே முதலில் செய்ய நினைப்பது இணைத்து வைப்பதைத்தான். கட்டுப்பாடும் பயமும் உள்ள உறவில் கூட்டு அமர்வு ஆபத்தானது. அங்கே பெண் சொல்லும் உண்மைக்கு வீட்டில் விலை கொடுக்க வேண்டிவரும்; அவர் பொய் சொன்னால் அந்த அமர்வால் பயனில்லை.

ஆபத்தின் அளவை நேரடியாகக் கேளுங்கள். கழுத்தை நெரித்தாரா? கத்தியோ கோடரியோ காட்டினாரா? கர்ப்பமாக இருக்கும்போது அடித்தாரா? விருப்பமில்லாமல் உறவு கொள்கிறாரா? அண்மையில் அடி கூடியிருக்கிறதா? "நீ போனால் உன்னையும் கொண்டு நானும் சாவன்" என்கிறாரா? இவற்றில் கழுத்தை நெரித்தலைத் தனியாகக் கவனியுங்கள். வெளியே அடையாளம் இல்லாமலே உள்ளே பாதிப்பு இருக்கலாம். பின்னர் கொலையில் முடியக்கூடும் என்பதற்கான பலமான எச்சரிக்கையும் அது. உடனடியாக வைத்தியப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். அந்தப் பெண்ணுக்கே தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்பதையும் தயங்காமல் கேளுங்கள்.

பாதுகாப்புத் திட்டம் ஒன்றைச் சேர்ந்து போடுங்கள். இது எங்கள் மக்களுக்குப் புதிதல்ல. இடம்பெயர்ந்த காலத்தில் அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, வங்கிப் புத்தகம் எல்லாவற்றையும் ஒரு பொலித்தீன் பையில் சுற்றி வைத்திருந்தவர்கள் நாங்கள். அதே பையை இப்போது நம்பிக்கையான ஒருவர் வீட்டில் வைக்கச் சொல்லலாம். சண்டை தொடங்கினால் குசினிக்குள் போகாமல் வெளிவாசல் பக்கம் நிற்பது, பக்கத்து வீட்டுக்குத் தெரிந்த ஒரு சைகை, இரவில் அழைத்தால் வரக்கூடிய ஓட்டோக்காரர், உதவி எண்ணை வேறு பெயரில் சேமித்து வைப்பது போன்றவை சின்ன விடயங்கள்தான். உயிரைக் காப்பவையும் இவையே.

சட்டம் எவ்வளவு தூரம் வரும்?

2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறையைத் தடுக்கும் சட்டத்தை உளநலப் பணியாளர் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும். இதன்கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். பாதிக்கப்பட்டவரே விண்ணப்பிக்கலாம்; அவர் சார்பில் பொலிஸ் உத்தியோகத்தரும் விண்ணப்பிக்கலாம். அவசரமென்றால் இடைக்காலக் கட்டளை வழங்கவும், 14 நாட்களுக்குள் விசாரணை நடத்தவும் சட்டத்தில் இடமுண்டு. பாதுகாப்புக் கட்டளை 12 மாதங்கள் வரை செல்லுபடியாகும். அடிப்பவர் வீட்டுக்குள் வருவதைக்கூட நீதிமன்றம் தடுக்கலாம். கட்டளையை மீறினால் ஒரு வருடம் வரையான சிறையோ, 10,000 ரூபா வரையான தண்டமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

பலருக்குத் தெரியாத மூன்று விடயங்கள் உண்டு. இதற்கு விவாகரத்துக் கேட்கத் தேவையில்லை. திருமணப் பதிவு கட்டாயமில்லை. சேர்ந்து வாழும் துணையும் முன்னாள் துணையும் இச்சட்டத்துக்குள் வருகிறார்கள். கடுமையான மனரீதியான துன்புறுத்தலையும் சட்டம் ஏற்றுக்கொள்கிறது. ஆணோ பெண்ணோ யாரும் இதன்கீழ் பாதுகாப்புக் கேட்கலாம்.

சட்டத்தில் ஓட்டைகளும் இருக்கின்றன. நீதிமன்றம் பிரித்து வைத்த தம்பதியராக இருந்தாலன்றி, கணவன் செய்யும் பாலியல் வல்லுறவைத் தண்டனைச் சட்டக்கோவை குற்றமாகக் கொள்வதில்லை. கட்டளை கையில் இருந்தாலும் அதை நடைமுறைப்படுத்த ஒரு பொலிஸ் நிலையம் வேண்டும். அங்கே தமிழில் முறைப்பாடு எழுதுவதற்கு ஆள் இருப்பாரா, சீருடையைக் கண்டால் நடுங்கும் பெண்ணோடு யார் போவது என்பவை எங்கள் பிரதேசத்துக்கே உரிய கேள்விகள். ஆகவே வெறும் இலக்கத்தைக் கொடுத்து அனுப்பாமல், கூடப் போகக்கூடிய ஒருவரை ஒழுங்கு செய்து கொடுக்க வேண்டும்.

அரச வைத்தியசாலைகள் பலவற்றில் "நட்பு நிலையம்" என்ற பெயரில் இதற்கென ஒரு பிரிவு இருக்கிறது. வைத்தியசாலைக்குப் போவதைக் கணவன் சந்தேகிப்பது குறைவு என்பதால், பல பெண்களுக்கு அது பாதுகாப்பான வாசல். பிரதேச செயலகத்தில் உள்ள மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தரையும் உளவளத்துணை உத்தியோகத்தரையும் அணுகலாம். வழக்கறிஞர் வைக்க வசதியில்லாதவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கான உதவி இலக்கம் 1938, உளநல உதவிக்கு 1926, சிறுவர் ஆபத்தில் இருந்தால் 1929, உடனடி ஆபத்தில் பொலிஸ் 119.

இதை வாசிக்கும் நீங்கள் உளநலப் பணியாளராக இல்லாமல் இருக்கலாம். பக்கத்து வீட்டில் சத்தம் கேட்டு யன்னலைச் சாத்துபவராக இருக்கலாம். அந்தச் சத்தம் வரும் வீட்டிலேயே இருப்பவராகவும் இருக்கலாம். அயலவர் என்றால், வேலிக்கரையில் தனியாகச் சந்திக்கும்போது "நான் கேட்டனான், நீ எப்ப வந்தாலும் கதவு திறப்பன்" என்ற ஒரு வசனம் போதும். புத்திமதி வேண்டாம். அந்த வீட்டில் இருப்பவர் நீங்கள் என்றால், உங்களுக்கு நடப்பது போரின் தொடர்ச்சியும் அல்ல, விதியும் அல்ல. அதை ஒரு மனிதன் செய்கிறான். அதற்கான பொறுப்பும் அவனுடையதே.

போர் எங்களிடமிருந்து எடுத்தவற்றுக்கு நீதி கேட்டுக்கொண்டே இருக்கிறோம், கேட்கத்தான் வேண்டும். அதே போரை, எங்கள் வீடுகளுக்குள் இன்று நடப்பதற்கான சாட்டாக நாங்களே மாற்றிவிடக் கூடாது.